சென்சார் அத்தையும் நான்கு சாம்பல் சட்டைகளும்

குடும்பத்தில் அத்தைக்கு வைத்திருந்த பெயர் சென்சார். யாராவது புதுத்துணி உடுத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றால் போதும், தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்து, வெட்ட வேண்டியதை வெட்டிவிட்டுத்தான் "வா, உட்காரு" என்பாள். கிழிந்த ஜீன்ஸ் போட்டு வந்த அக்காள் மகனிடம், "மிச்சத் துணியைக் கடைக்காரன் நாளைக்குத் தர்றேன்னானா?" என்று ஒருமுறை கேட்டாள். அவன் அதற்கப்புறம் ஒரு வருடம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இருபத்தெட்டு வருடமாகத் துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பவள். துணியைப் பற்றித் தனக்குத் தெரியாதது கிடையாது என்று அவளே சொல்லிக்கொள்வாள். அதில் பெரிய பொய்யும் இல்லை.

அப்படிப்பட்டவள் வீட்டு மாடியறைக்குத்தான் படிப்புக்காக வந்து சேர்ந்தாள் தம்பி மகள். வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். காது கேளாதவர்களுக்கும் கேட்கிறவர்களுக்கும் நடுவில் நின்று, வாய்ப்பேச்சைச் சைகையாகவும் சைகையை வாய்ப்பேச்சாகவும் மாற்றிச் சொல்கிற வேலைக்குப் படித்தாள். இருந்தவை நான்கு சட்டைகள். நான்கும் சாம்பல் நிறம். பூ இல்லை, கோடு இல்லை, பளிச்சென்று ஒரு பொத்தான்கூட இல்லை. வளையல், மோதிரம், நகப்பூச்சு எதுவும் கிடையாது.

"என்னடி இது, அடுப்பைக் கிளறிட்டு எழுந்து வந்தவ மாதிரி?" என்பாள் அத்தை.

"கைதான் தெரியணும் அத்தை. சட்டை கண்ணை இழுத்தா, பார்க்கிறவங்களுக்குக் கை பிடிபடாது."

"கை பாட்டுக்குக் கை, சட்டை பாட்டுக்குச் சட்டை. ஆள் பாதி ஆடை பாதின்னு சும்மாவா சொன்னாங்க?"

குட்டி சிரித்துக்கொண்டே போய்விடுவாள். நான்கு வருடமும் இதே பேச்சு. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் சண்டையாவது போடலாம். பேசவே மாட்டாள். அத்தைக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

கடைசியில் உரிமத் தேர்வு வந்தது. வருடத்துக்கு ஒரே ஒருமுறை நடப்பது. தேறினால் பெரிய மருத்துவமனையில் வேலை தயாராக இருந்தது. தவறினால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். குட்டி ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணாடி முன் நின்று விரல் வலிக்கும்வரை பழகினாள். அத்தைக்கும் கவலைதான். வெளியே காட்டிக்கொள்ளாமல் தன்னால் ஆன உதவியைச் செய்வதென்று முடிவெடுத்தாள். வினை அங்கேதான் தொடங்கியது.

தேர்வன்று விடிந்ததும் நான்கு சாம்பல் சட்டைகளையும் எடுத்து வாளியில் ஊறப்போட்டாள். இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருந்ததையும் விடவில்லை. நாற்காலியில் வேறொரு சட்டையை மடித்து வைத்தாள். கிளிப்பச்சை, அதில் ஆரஞ்சுப் பூக்கள், பூவுக்குப் பூ ஜிகினா, கைவிளிம்பு முழுக்கக் குஞ்சம். மூன்று மாதமாகக் கடையில் கண்வைத்திருந்து எடுத்தது.

குட்டி வந்து வாளியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். முகம் வெளிறியது. சட்டையை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் நூலும் முடிச்சும் மின்னின. அத்தையின் அலமாரியைத் திறந்தாள். அத்தை ஆசைக்கு வாங்கி, வெளியே உடுத்தாமலே தொங்கவிட்டிருந்தவற்றுக்கு இந்தச் சட்டையே எவ்வளவோ சாது.

"பரீட்சை அன்னிக்காவது நாலு பேர் நிமிர்ந்து பார்க்கிற மாதிரி போ. எல்லாம் அத்தை நல்லதுக்குத்தான் சொல்வேன்."

"சரி அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டு அதைப் போட்டுக்கொண்டாள்.

அத்தை கடைக்கு அரைநாள் விடுப்பு சொல்லியிருந்தாள். அங்கிருந்து நேரே வேலைக்குப் போகலாம் என்று கடை யூனிஃபார்மிலேயே கூடப் போனாள். பஸ்ஸில் இரண்டு பேர் அந்தக் கிளிப்பச்சையைத் திரும்பிப் பார்த்தபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

தேர்வு நடந்த கட்டடத்தின் நடைவழியில் ஏழெட்டு பேர் காத்திருந்தார்கள். எல்லாரும் இழவு வீட்டுக்கு வந்தவர்களைப் போல ஒரே நிறத்தில் வெறும் துணி உடுத்தியிருந்தார்கள். ஊரே இப்படியா என்று அத்தை உதட்டைப் பிதுக்கினாள். அப்போது காது கேளாத பெண்ணொருத்தி குட்டியைத் தெரிந்தவள் போல வந்து சைகையில் ஏதோ கேட்டாள். குட்டி பதில் சொல்லத் தொடங்கினாள். ஜன்னல் வெயில் ஜிகினாவில் பட்டுத் தெறித்தது. குஞ்சம் விரல்களின் மேல் விழுந்து விழுந்து எழுந்தது. அந்தப் பெண் கண்ணைச் சுருக்கினாள், பக்கத்துக்கு நகர்ந்து பார்த்தாள், கடைசியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, மறுபடி சொல் என்பது போலக் கையைக் காட்டினாள்.

அத்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்தக் கைகள் தெரியவில்லை. பூக்கள்தான் தெரிந்தன. நான்கு வருடமாக இவள் சொன்னது இதைத்தானா என்று அப்போதுதான் உறைத்தது. தன் கையாலேயே இந்தப் பிள்ளையின் வாயைக் கட்டிக் கூட்டிவந்திருக்கிறோம் என்று புரிந்ததும் குட்டியின் தோளைத் தொட்டாள்.

"கழிப்பறை எங்கேடி?"

"ஏன் அத்தை, என்ன ஆச்சு?"

"பேசாம வா."

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டு, தன் யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். வெளிர் நீலம், முழுக்க வெறும் துணி. குட்டிக்கு அது தொளதொளவென்று இருந்தது. அத்தை கைப்பகுதியை மணிக்கட்டுக்கு மேலே மடித்துவிட்டு, இடுப்பில் இரண்டு ஊக்கு குத்தி, ஒரு நிமிடத்தில் அளவாக்கினாள். அந்தக் கைவேலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. பிறகு கிளிப்பச்சையைத் தான் மாட்டிக்கொண்டாள். மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் பொத்தான் நின்றது.

வெளியே வந்தால், காது கேட்கும் தேர்வாளர் ஒருவர் கையில் தாளோடு ஆள் தேடிக்கொண்டிருந்தார். தேர்வு எழுதுபவர்கள் சைகையில் மாற்றிச் சொல்வதற்காகப் பேசவேண்டியவருக்குக் காய்ச்சலாம். கண்ணைப் பறித்த கிளிப்பச்சையிடமே நேரே வந்தார்.

"அம்மா, பத்து நிமிஷம் உள்ளே வந்து பேச முடியுமா?"

"நான் இந்தப் பொண்ணோட அத்தை."

"அப்போ இன்னும் நல்லது. அடுத்தது இவங்க முறைதான். சொந்தக்காரங்க பேசுறப்போதான் மாத்திச் சொல்றவங்களுக்குக் கூட்டவும் குறைக்கவும் தோணும். அதைத்தான் நாங்க பார்க்கணும்."

உள்ளே தலைமைத் தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். தலையை ஒட்ட வெட்டிய, காது கேளாத அம்மாள். அத்தையை மேலும் கீழும் பார்த்துக் கைகளை அசைத்தார். பக்கவாட்டில் நின்ற குட்டி குரலில் சொன்னாள், "இந்தச் சட்டை உங்களோடது இல்லன்னு நினைக்கிறேன்."

அத்தை குட்டி பக்கம் திரும்பி, "நீயே சொல்லேன்டி" என்றாள். குட்டி அதையும் அப்படியே சைகையில் சொன்னாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

"அவங்களைப் பார்த்துப் பேசுங்க. பொண்ணு இங்கே இல்லன்னு நினைச்சுக்கோங்க" என்றார் கேட்கும் தேர்வாளர்.

பொய் சொல்லலாமா என்று அத்தைக்கு ஒரு கணம் தோன்றியது. தான் சொல்லும் பொய்யைக் குட்டி தன் கையால் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்ததும் மனம் வரவில்லை.

"இவ சட்டை நாலையும் நான்தான் ஊறப்போட்டேன். எனக்குப் பிடிக்கல. நாலு வருஷமா இவளைக் கரிச்சுக்கொட்டினேன். அடுப்புச் சாம்பல்னேன், தரை துடைக்கிற துணின்னேன், உன்னை எவன் ஏறெடுத்துப் பார்ப்பான்னேன்."

குட்டியின் கைகள் ஒன்றையும் விடவில்லை. அவள் புருவம் அத்தையின் புருவமாக ஏறியது, உதடு அத்தையின் உதடாகப் பிதுங்கியது. தன்னை நோகடித்த பேச்சை, "நான்" என்று தன் நெஞ்சையே தொட்டுத் தொட்டுச் சொன்னாள். அதில் ஒரு துளி கசப்பைக்கூடத் தன் பங்குக்குச் சேர்க்கவில்லை. அத்தை வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு, எவ்வளவு பெரிய வித்தை!

அடுத்த கேள்வி வந்தது. "சின்னவங்க உடுத்துறதுல உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?"

இதை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"கடையில எங்களுக்கு வெளிர் நீலம்தான். துணிதான் கண்ணுல படணும், விக்கிறவ படக்கூடாதுன்னு முதலாளி உத்தரவு. இருபத்தெட்டு வருஷம் ஊருக்கெல்லாம் வண்ணம் வண்ணமா விரிச்சுக் காட்டினேன். நான் அந்த நீலத்துலயே நின்னேன். இதுங்க இஷ்டத்துக்கு எதையோ மாட்டிக்கிட்டு, கண்ணாடிகூடப் பார்க்காம வெளியே போகுதுங்க. பொறாமை, வேற என்ன? இவ மேல இன்னும் ஆத்திரம். எனக்குக் கிடைக்காத வண்ணத்தை இவ வேணாம்னு தள்ளிட்டா."

அதுவும் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாள் மெல்லத் தலையசைத்தார். அத்தை தொடர்ந்து சொன்னாள்:

"இன்னிக்குத்தான் இவ கையைப் பார்த்தேன். எவ்வளவோ அழகை விரிச்சு, மடிச்சு வச்ச கை என்னோடது. இப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்ல. எனக்குப் பெருமையா இருக்கு."

குட்டியின் கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு மெதுவாகக் கீழே இறங்கின.

கேட்கும் தேர்வாளர் பேனாவை எடுத்தார். "அவங்க இன்னும் பேசினாங்க. அது கைக்கு வரல."

அத்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்தப் பாழாய்ப்போன வாய் காலத்துக்கும் திட்டிக் கெடுத்தது போதாதென்று, இப்போது புகழ்ந்தும் கெடுத்துவிட்டதே என்று பதறினாள். அந்த அறையில் முதல்முறையாகச் சென்சார் அத்தையின் பழைய குரல் எழுந்தது.

"சொல்லுடி! என் வாயிலிருந்து வந்ததுல ஒரு எழுத்தைக் குறைக்க உனக்கு உரிமை கிடையாது. முழுசா சொல்லு!"

குட்டி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தையின் பதற்றத்தை, அதட்டலை, அழகை, பெருமையை, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். எதுவும் விட்டுப்போகவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு முடிவை ஒட்டினார்கள். தேறியிருந்தாள். பெயருக்கு எதிரே ஒரு குறிப்பு மட்டும் இருந்தது: ஒரு வாக்கியம் தாமதம், ஒரு மதிப்பெண் குறைப்பு.

அத்தை கடையையும் மறந்து, மூச்சுமுட்டும் கிளிப்பச்சையில் அந்தத் தாள் முன்னால் நின்று மூன்று முறை படித்தாள். பிறகு வழக்கம்போலச் சண்டைக்குத் திரும்பினாள்.

"ஏன்டி, நான் திட்டினதையெல்லாம் மளமளன்னு சொன்னே. நல்லதா நாலு வார்த்தை சொன்னப்போ மட்டும் என்ன தடங்கல்?"

"திட்டெல்லாம் நாலு வருஷமா கேட்டுக் கேட்டு மனப்பாடம் அத்தை" என்றாள் குட்டி. "இதை இன்னிக்குத்தானே முதல் தடவை கேட்டேன்."