எத்தனால் மட்டும் வைத்த தட்டு

1

“பல்லுல இருக்கிற கிருமிக்கும் பசிக்குமாப்பா?”

பல் மருத்துவரின் நாற்காலியிலிருந்து இறங்கியதும் என் மகள் கேட்டாள். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. பற்கிருமிகளோடு ஆய்வகத்தில் மல்லுக்கட்டும் என் தங்கையிடம் கேட்டேன்.

“பசிக்கும் அண்ணா. உன் பொண்ணுதான் மிட்டாய் போட்டு வளக்கிறாளே.”

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அந்த ஆய்வகத்தில் மீசை என்றொரு பொல்லாத மனிதர், அடுத்தவர் தப்பைத் தேடி...’

[அடித்துவிட்டேன். ஏனென்று பாருங்கள்.]

3

கொழுப்பு அமிலங்களும் அவற்றிலிருந்து செய்யும் எஸ்டர் என்ற சேர்மங்களும் பல்லில் படலமாகப் படியும் கிருமிகளைத் தடுக்குமா என்பதுதான் தங்கையின் சோதனை. கிருமி பரப்பிய தட்டுகளில் மருந்து தோய்ந்த காகித வட்டுகளை வைத்து, ஜாடிக்குள் அடுக்கி, மெழுகுவத்தி ஏற்றி மூடிவிடுவார்கள். இந்தக் கிருமிகளுக்குக் காற்று குறைவாக இருந்தால்தான் பிடிக்கும்.

இரண்டு நாள் கழித்து மேல்தட்டுகளை எடுத்தாள். அமில வட்டைச் சுற்றிக் கிருமியே இல்லாத பெரிய வளையம். எஸ்டரைச் சுற்றிச் சிறியது. துள்ளிக் குதித்தாள்.

பக்கத்து மேசைக்காரர், பட்டப்பெயர் மீசை, கேட்டார்: “எத்தனால் மட்டும் வச்ச தட்டு எங்கம்மா?”

அவள் முகம் வெளுத்தது. அமிலத்தை எத்தனால் என்ற ஆல்கஹாலில்தான் கரைத்திருந்தாள்; அதுவும் கிருமியைக் கொல்லக்கூடியது. கிருமியைத் தடுத்தது அமிலமா, எத்தனாலா? அதைச் சொல்லும் தட்டை வைக்க மறந்திருந்தாள். மறுநாள் அறிக்கை. முடிவு நிற்காவிட்டால் ஆய்வை அத்தோடு மூடிவிடுவார்கள்.

“மறந்துட்டேன் சார்.”

“தெரியும். ஜாடிக்கு அடியில பாருங்க. நீங்க சாப்பிடப் போனப்போ ஒண்ணு வச்சேன். சொல்ல மறந்துட்டேன். மறதி என்ன, உங்களுக்கு மட்டும்தான் சொந்தமா?”

அடியில் இருந்த தட்டில், எத்தனால் வட்டின் ஓரம் வரைக்கும் கிருமிகள் செழித்திருந்தன. தடுத்தது அமிலமேதான். கிருமி வளர்ந்ததைப் பார்த்து அவள் அழுதது அன்றுதான்.

4

(ஒரு முடிவில் பாராட்டுக் கூட்டம் வைத்தேன். இன்னொன்றில் தங்கை அவர் காலில் விழுந்தாள். படித்தால் என்னைத் தொலைத்துவிடுவாள். இரண்டும் வேண்டாம்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு விடுமுறை நாளில் மீசை தன் அம்மாவோடு மருத்துவமனையில் இருந்தார். அன்று புது உணவுள்ள தட்டுக்கு மாற்றாவிட்டால், அவர் தன் ஆய்வுக்கு வளர்த்த கிருமிகள் செத்துவிடும். ஓராண்டு உழைப்பு போய்விடும். தங்கை எங்கள் வீட்டு விருந்துக்கு வரவில்லை. “கொஞ்சம் வேலை இருந்துச்சு” என்றாள். மீதி என் ஊகம். தனியே செய்யும் நன்மையைக் கடவுள் பார்க்கிறார் என்று நம்புகிறவன் நான்; உங்களுக்கு வேறு தோன்றினால் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

ஆளில்லாத ஆய்வகம். அவருடைய கிருமிகளை ஒவ்வொன்றாகப் புதுத் தட்டுக்கு மாற்றுகிறாள். மெழுகுவத்தியை ஏற்றி ஜாடியை மூடுகிறாள். சுடர் சிறுத்து அணையும்வரை நிற்கிறாள். ஜாடியில் ஒட்டிய சீட்டில், மாற்றிய தேதியை எழுதுகிறாள். பெயரை எழுதவில்லை.