வாயாடி விட்டுப்போன குரல்

கல்லூரி வானொலியின் அறிவிப்பாளரான வாயாடி கடைசித் தேர்வு எழுத ஓடிய காலையில், அவளுடைய குரல் மட்டும் கூடப் போகாமல் ஒலிபரப்பு அறையிலேயே தங்கிவிட்டது. அன்றைய வானிலையையும் பேருந்து நேர மாற்றத்தையும் அது பிசிறில்லாமல் வாசித்து, கேட்டவர்களுக்குக் கேட்ட பாட்டைப் போட்டது. தேர்வுக் கூடத்தில் கண்காணிப்பாளர் நம்பர் என்ன என்று கேட்டபோதுதான், தன்னிடம் வாய் இருக்கிறது, அதில் வர ஒன்றும் இல்லை என்பது வாயாடிக்குத் தெரிந்தது. திமிரைப் பார் என்று அவர் கடிந்துகொண்டார். அவள் தேர்வை எழுதினாள், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள்.

அந்த நிலையத்தைக் கட்டி எழுப்பியவர்கள் மாணவர்கள். நிர்வாகம் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை. வேதியியல் ஆய்வகத்துக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகள் அடைந்து கிடந்த அறையைக் கூட்டிப் பெருக்கி, எதிரொலிக்காமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஒட்டி, பழைய கருவிகளைப் பிரித்து ஒரு ஒலிபரப்பியைச் செய்தார்கள். முதல் வாரம் அலைவரிசை ஓரிடத்தில் நிற்கவில்லை. பக்கத்து மருத்துவமனையில் நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த டாக்டர்களுக்குப் பாட்டு கேட்டது. அதைக் கேட்டுவிட்டு இரண்டு பேரை உடம்பு சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பியும்விட்டார்கள். பிறகு அலைவரிசை நிலைத்தது. ஒருமுறை ஃபியூஸ் போனபோது அதன் இடத்தில் சாக்லேட் தாளைச் சுருட்டிச் சொருகி நிலையத்தை ஓட வைத்தவனுக்கு ஃபியூஸ் என்று பெயர் விழுந்தது. அவனும் வாயாடியும் மாறி மாறி மைக்கின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

ஒலிபரப்பில் இடைவெளி விழக்கூடாது என்பதற்காக அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எழுந்து போகிறவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட வேண்டும், அடுத்து உட்காருகிறவர் அதைத் தனக்குத் தோன்றியபடி முடித்துவிட்டுத் தன் நிகழ்ச்சியைத் தொடங்க வேண்டும். மழை வந்தால் என்று ஒருவர் விட்டால், குடையைத் திருப்பிக் கொடுக்காதவன் மாட்டுவான் என்று மற்றவர் முடிப்பார். ஊரே அந்தப் பாதி வாக்கியத்துக்காகக் காது கொடுத்துக் காத்திருக்கும். முறை யாருடையதோ அவர்தான் முடிக்க வேண்டும், வேறு யார் வாயைத் திறந்தாலும் செல்லாது. இதை எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறியவனும் இல்லை.

கடைசி நாள் காலை வாயாடி, "இந்த மைக்கை நான் யார்கிட்ட விட்டுட்டுப் போறேன்னா..." என்று நிறுத்தினாள். கதவைப் பார்த்தாள். ஃபியூஸ் வரவில்லை. தேர்வு மணி அடித்தது. பாட்டு ஒன்றைச் சுழலவிட்டு, வந்துவிடுவான் என்ற நம்பிக்கையில் ஓடினாள். அவன் அந்த நேரத்தில் முதல்வர் அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். விடுதிக் குடிநீர்த் தொட்டியில் புழு நெளிகிறது என்று மாணவர்கள் ஒலிபரப்பியதிலிருந்து நிலையத்தை மூடிவிட நிர்வாகம் கறுவிக்கொண்டிருந்தது. மூடுவானேன், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், நான் நடத்திக் கொடுக்கிறேன் என்று ஃபியூஸ் யோசனை சொன்னான். கூட இருந்து குழி பறிப்பதென்றால் இப்படித்தான், அதுவும் தேநீரை ஆறவிடாமல். அன்று மாலையே அவன் இயக்குநர் ஆனான். வாசல் பலகையில் மாணவர் நிலையம் என்ற எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

குரலைப் பற்றி நிர்வாகத்துக்கு எந்தப் புகாரும் இல்லை. அதற்குச் சம்பளம் வேண்டாம், லீவு வேண்டாம், தொண்டை கட்டாது, குடிநீர்த் தொட்டியை எட்டிப் பார்க்காது. எழுதிக் கொடுத்ததை வாசித்தது. வாயாடியின் வகுப்புத் தோழிகள் சிலர் போய் அந்தப் பாதி வாக்கியத்தை முடித்துப் பார்த்தார்கள். முறை ஃபியூஸுடையது என்பதால், குரல் அவர்களுக்கு மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது.

வாயாடிக்கு ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. பேசாத பெண் என்பதாலேயே வரன் சீக்கிரம் அமைந்தது. "வாயே திறக்காத மருமக, எங்களுக்கு வேற என்ன வேணும்!" என்று மாமியார் பார்க்கிறவர்களிடமெல்லாம் பூரித்தார். கணவன் கெட்டவன் இல்லை, அதுதான் கஷ்டம். காலையில் சவரம் செய்துகொண்டே வானொலியைக் கேட்டு, "என்ன குரல்டீ இது! இவ புருஷன் குடுத்து வச்சவன்" என்பான். இது என் குரல் என்று அவள் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினாள். அவன் படித்துவிட்டு, "ஆசை யாரை விட்டுது" என்று சிரித்தான். அதற்குப் பிறகு அவள் அவனிடம் அதைப் பற்றி எழுதவில்லை.

மகள் பிறந்து, பேச்சை வானொலியிலிருந்தே கற்றுக்கொண்டாள். அவள் சொன்ன முதல் வார்த்தை "நேயர்களே" என்பது. குழந்தை சாப்பிட மறுத்தால் வாயாடி வானொலியைத் திருகுவாள். அதில் வரும் குரலைக் கேட்டபடி, அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி குழந்தை விழுங்கும். அந்தக் குரல் யாருடையது என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. வீட்டில் நம்பியவள் அவள் ஒருத்திதான். வளர்ந்து, கடல் கடந்து ஒரு வேலை கிடைத்தபோது பெட்டியைக் கட்டிக்கொண்டே, "அங்கருந்து போன் பண்ணா எனக்கு யாரும்மா பேசுவாங்க? நீ மூச்சு விடறது மட்டுந்தான் கேக்கும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மறுநாள் வாயாடி அச்சகத்துக்குப் போகாமல் கல்லூரிக்குப் போனாள்.

ஃபியூஸுக்கு இப்போது தலை வழுக்கை, மேசை பெரியது. அவள் ஒலிபரப்பு அறையின் நாற்காலியைக் காட்டி, பிறகு அவன் வாயைக் காட்டினாள். அவனுக்கு உடனே புரிந்தது.

"ஒரே வார்த்தைதான், தெரியும். என்கிட்டதான்னு சொன்னா முடிஞ்சுது. உன் குரலும் உன்கூட வந்துடும். ஆனா அப்புறம் இங்க யாரு பேசுவா? நானா? என் குரலை யாரு கேப்பா, சொல்லு." மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினான். "அன்னைக்கு வராம போனது தப்புதான். அதுக்கு இப்ப வேணும்னா மன்னிப்பு கேக்கறேன்."

மன்னிப்பை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மைக்கின் முன்னால் அவனை உட்கார வைத்தாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். ரத்தம் வந்தும் வாயைத் திறக்கவில்லை. அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கிக்கொண்டிருந்தபோது, அவளுடைய குரல் உற்சாகமாகப் பேசியது. "நேயர்களே, நம்ம நிலையத்துக்கு ஒரு அக்கா வந்திருக்காங்க. பேசவே மாட்டேங்கறாங்க, கூச்சம் போல. அக்கா, உங்களுக்கு என்ன பாட்டு வேணும்?" அவள் அவன் தோளை விட்டாள். அவளைவிட இருபத்தைந்து வயது குறைந்த அந்தக் குரலுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. கேட்காத பாட்டு ஒன்று ஒலித்தது. அது முடிவதற்குள் அவள் பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிட்டாள்.

மகள் கடல் கடந்து வேலைக்குப் போனாள். ஞாயிறுதோறும் காலையில் அவள் வீட்டுக்கு அல்ல, நிலையத்துக்குப் போன் செய்கிறாள். வாயாடி சமையலறையில் வானொலியைக் கூட்டி வைக்கிறாள். சாப்பிட்டீங்களா, அங்க குளிரா, வேலை எப்படி என்று குரல் எல்லா நேயரிடமும் கேட்பதையே அவளிடமும் கேட்கிறது. மகள் ஒன்று விடாமல் பதில் சொல்கிறாள். "அம்மா என்ன பண்றாங்க?" என்று குரல் கேட்கும். "கேட்டுக்கிட்டிருக்காங்க" என்பாள் மகள். அதற்கு மேல் அவளால் சொல்ல முடியாது. இடைவெளி விழக்கூடாது என்பதால் ஃபியூஸ் அந்த இடத்தில் ஒரு விளம்பரத்தைப் போட்டுவிடுவான். வாயாடி அடுப்பைக் குறைத்துவிட்டு, விளம்பரம் முடியும் வரை நிற்பாள்.