மேசைமேல் நாற்காலிகள்

"காலையிலேருந்து சமத்தா இருந்தா" என்று டீச்சர் சொல்லும்போதெல்லாம் சிட்டுவின் அம்மாவுக்குச் சுருக்கென்று குத்தும். அவ்வளவு நேரம் சமர்த்தாக இருக்கிற சிட்டு, அம்மா தலையைக் கண்டதும்தானே தரையில் விழுந்து அலறுகிறாள்.

நாத்தனார் அதை வாய்விட்டே சொல்லிவிட்டாள். "பள்ளிக்கூடத்துல அத்தனை பேரைப் பாக்குறா, ஒண்ணும் ஆகலை. உங்களைப் பாத்தா மட்டும் ஏன் அண்ணி இப்படி? அடிக்கிறீங்களா என்ன?" பாதி கேலிதான். மீதிப் பாதி நிஜமாகவே கேட்டது.

சிட்டுவுக்கு நாலு வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்றுகூட அம்மா இப்படி உடைந்துபோகவில்லை. குழந்தை பேசாவிட்டால் போகட்டும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால் போகட்டும். ஆனால் என்னையே பிடிக்காமல் போய்விட்டதா? வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இந்தக் கேள்வி வரும். கவனம் பிசகி லென்ஸின் விளிம்பு சிதறும்.

பள்ளியில் சேர்த்த முதல் வாரத்தில் ஒருநாள், வீட்டுக்கு விடும் நேரத்து நெரிசலில் சிட்டு காதைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே விழுந்தாள். எல்லோரும் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். ஓர் அப்பா தன் மகனிடம், "பாக்காத, வா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மறுநாளே அவள் டீச்சரிடம் போய், கூட்டம் வருவதற்குள் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டாள். "தாராளமா. அவளுக்கும் அதான் நல்லது" என்றார் டீச்சர். கடை முதலாளி முகத்தைச் சுளித்தபடி அனுமதி கொடுத்தார். ஆனால் அதற்குப் பிறகுதான் தினமும் அலறல். தினமும் அவள் குழந்தையை வாரிச் சுருட்டித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

இன்றைக்கு ஒரு முடிவோடு வந்திருந்தாள்.

"நாளையிலேருந்து அனுப்பலைங்க டீச்சர்."

டீச்சரின் விரலில் பசை ஒட்டியிருந்தது. "வீட்டுல வெச்சுக்கிட்டா மட்டும் சரியாயிடுமா?"

"என்னைப் பாத்து கத்த வேண்டியிருக்காதே."

பையை எடுத்துக்கொண்டு சிட்டுவின் தோளைத் தொட்டாள். குழந்தை நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்தது. அம்மா அந்த விரல்களைப் பிரித்தாள். சிட்டு வீறிட்டு விழுந்து, தலையைத் தரையில் மோதத் தொடங்கினாள். டீச்சர் ஓடிவந்து தலைக்கடியில் மெத்தையைத் தள்ளினார், திரையை இழுத்து வெளிச்சத்தைக் குறைத்தார்.

"ஒண்ணுமில்லடா, அம்மா வந்துட்டேன்ல, போயிடலாம்டா..."

"பேச வேணாங்க. தொடவும் வேணாம். பக்கத்துல உக்காருங்க, போதும்."

இன்றைக்குத் தூக்கிக்கொண்டு ஓடத் தெம்பில்லை. எப்படியும் கடைசி நாள்தானே என்று கால் மடக்கித் தரையில் உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தபோதுதான் தன் மனசுக்குள்ளே பார்க்க முடிந்தது. குழந்தை அலறும்போது முதலில் வருவது வெட்கம். பரிதாபம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. அந்த வரிசை அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

வெளியே பெற்றோர் சேரும் சத்தம். வகுப்பு முடிந்தது. பெருக்குவதற்கு வசதியாக, வீட்டுக்குப் போகுமுன் பிள்ளைகள் தங்கள் குட்டி நாற்காலியைத் தூக்கி மேசைமேல் கவிழ்க்க வேண்டும். இந்தக் கடகடவில் இன்னும் மோசமாகுமே என்று டீச்சர் நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார். அதற்குள் நாற்காலிகள் ஏறத் தொடங்கிவிட்டன.

அலறல் இறங்கியது. சிட்டு தரையில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாற்காலியாக மேலே போயிற்று. ஒன்றே ஒன்று கீழே நின்றது, சிட்டுவுடையது.

முகமெல்லாம் ஈரமாக எழுந்து வந்தாள். நாற்காலியை இரு கைகளாலும் கட்டிப்பிடித்துத் தூக்கி, மேசைமேல் கவிழ்த்தாள். விளிம்போடு சேர்த்து நேராக்கினாள். பக்கத்து நாற்காலியையும் கொஞ்சம் தள்ளிச் சரிசெய்தாள். பிறகு வந்து அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்து, கதவுப் பக்கம் இழுத்தாள்.

டீச்சர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "முதல் வாரம் அவளேதான் வெச்சா. நீங்க சீக்கிரம் வர ஆரம்பிச்சதும், பாவம்னு நானே அதைத் தூக்கி வெச்சிட்டிருந்தேன்."

"நான்தான் தினமும் அவளைப் பாதியிலேயே பிடுங்கிட்டுப் போயிருக்கேன்" என்றாள் அவள். கூட்டம் சிட்டுவுக்கு ஆகாது என்பது பொய்யில்லை. ஆனால் தான் முன்கூட்டியே வந்தது, வாசலில் பார்க்கிறவர்களின் கண்களுக்கு எதிரே நிற்க முடியாமல்தான்.

வாசலில் நெரிசல். சிட்டு காதைப் பொத்தினாள், முழங்கால் மடங்கியது. முன்பென்றால் அம்மா வாரித் தூக்கியிருப்பாள். இப்போது பின்வாங்கி, சுவரோரமாகக் குழந்தையோடு உட்கார்ந்துகொண்டாள்.

"பாக்காத" என்று அன்றைக்குச் சொன்ன அப்பா, மகனோடு கடந்துபோகையில் நின்றார். "எங்க பையன் நாற்காலியையும் உங்க பொண்ணுதான் நேரா வெச்சாளாமே. எங்க வீட்டுக்கும் ஒருநாள் அனுப்பி வைங்க. செருப்புங்க கண்ட இடத்துல கிடக்குது."

"கூலி கேப்பா" என்றாள் அவள்.

அவர் சிரித்துக்கொண்டே போனார். இன்னும் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தாள். சிட்டு அவள் சுண்டுவிரலை விடவில்லை.

கூட்டம் கரைந்ததும் டீச்சர் எட்டிப் பார்த்தார். "நாளைக்கு?"

"எல்லாரும் வர்ற நேரத்துக்கே வரேன்" என்றாள்.