பேராசிரியர் பழித்த குரல்

மிதுனன் மூன்று வருடமாக ஒரு வாக்கைக் காப்பாற்றி வந்தான். அந்தச் சனிக்கிழமை மாலை அதை மேடையிலேயே போட்டு உடைப்பது என்று முடிவு செய்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து தேக்காவுக்கு ரயில் ஏறினான். பழி வாங்கப் போகிறவன் கசங்கிய சட்டையோடு போகக் கூடாது என்பது அவன் கொள்கை.

எதிரியின் பெயர் டாக்டர் பரமசிவம். பேராசிரியர், திரைப்பட ஆய்வாளர். மிதுனன் எடுத்த ஒரே குறும்படமான ‘பூன் லே இன்டர்சேஞ்ச்’ முதன்முதலில் திரையிடப்பட்ட அன்று, விளக்கு எரிந்ததும் முதல் ஆளாக எழுந்தவர். “கேள்வி இல்லை, ஒரு சின்னக் கருத்து” என்று ஆரம்பித்தார். சின்னக் கருத்து படத்தைவிட நீளமாக ஓடியது. கதாநாயகியின் குரலில் உயிரே இல்லையாம். லிஃப்டில் ‘கதவு மூடுகிறது’ என்று சொல்லும் குரலுக்குக்கூட இதைவிட உணர்ச்சி உண்டாம். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. மிதுனனின் அம்மாவும் சிரித்துவிட்டார். அதைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு எந்த விழாவும் படத்தைச் சீண்டவில்லை. நண்பர்கள் மட்டும் லிஃப்டில் அவனைப் பார்க்கும்போதெல்லாம் கதவு மூடுவதை அறிவித்தார்கள்.

பேராசிரியர் அறியாத ஒரு சங்கதி இருந்தது. படத்தில் நடித்தவள் நிரஞ்சனா. ஆனால் படம் எடுத்த பஸ் நிலையமான அந்த இன்டர்சேஞ்சில் பதிவான ஒலியில் அவளைத் தவிர எல்லா பஸ்ஸும் தெளிவாகக் கேட்டன. டப்பிங்குக்குக் கூப்பிடலாம் என்றால் அவள் மேல்படிப்புக்கு மெல்பர்ன் போயிருந்தாள். ஒலிப்பதிவு செய்த ருக்சார், தன் பழைய தமிழ் டீச்சரைக் கூட்டிவந்து, எதிரொலி வராதபடி தன் அறை அலமாரிக்குள் கம்பளிகளுக்கு நடுவே உட்கார வைத்துப் பேச வைத்தாள். டீச்சர் பெயர் கண்மணி. பேசி முடித்த பிறகுதான் சொன்னார், தான் டாக்டர் பரமசிவத்தின் மனைவி என்று.

“பேரு மட்டும் போடாதீங்க தம்பி. எனக்கு சினிமாவே புரியாதுன்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்லிக்கிட்டு இருக்காரு. அவரு நம்பிக்கைய நாம ஏன் கெடுக்கணும்?”

மிதுனன் வாக்குக் கொடுத்தான். திரையிடல் அன்று கணவர் அந்தக் குரலைக் கிழித்துத் தொங்கவிட்டபோது டீச்சர் அவர் பக்கத்திலேயேதான் இருந்தார். கைப்பையைத் திறந்து ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

இப்போது பேராசிரியர் தமிழ்ப் படங்களில் குரல் என்பது பற்றித் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதில் ‘பூன் லே’ குரலுக்கு ஒரு முழு அத்தியாயம். தேக்காவில் டன்லப் ஸ்ட்ரீட் மாடியில் மாதாமாதம் நடக்கும் திரைப்பட உரையாடலில் அவரைப் பேட்டி காண ஆள் தேடினார்கள். மிதுனன் தானாகவே கை தூக்கினான்.

“டேய், சொல்லிடாத லா,” என்றாள் ருக்சார், மைக்கைச் சரிபார்த்துக்கொண்டே. “டீச்சர் முன்வரிசையிலதான் உக்காந்திருக்காங்க.”

“அதான் வேணும்.”

“அவங்களுக்கு நீ ப்ராமிஸ் பண்ணிருக்கடா.”

“எங்கம்மா சிரிச்சாங்க, ருக்சார்.”

ருக்சார் மைக்கை இன்னொரு முறை தட்டிப் பார்த்தாள்.

உரையாடல் அமோகமாகப் போனது. மிதுனன் பணிவே உருவாகக் கேட்டான்: “சார், அந்த அத்தியாயத்தைக் கொஞ்சம் விளக்க முடியுமா? ஒரு சின்னத் துண்டு போட்டுக் காட்டுறோம்.” திரையில் நிரஞ்சனா காலி பஸ்ஸைப் பார்த்தாள். “பஸ் வரும். ஆனா நான் ஏற மாட்டேன்” என்றது குரல்.

பேராசிரியர் கண்ணை மூடிக் கேட்டார். “கவனியுங்கள். இந்தப் பெண் பேசுவதை வாழ்க்கையில் யாருமே கூர்ந்து கேட்டதில்லை. அந்த வெறுமை குரலில் தெரிகிறது. குரலை ஆராய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இதை ஒரு முறை கேட்டால் நான் எங்கும் அடையாளம் கண்டுவிடுவேன்.”

மிதுனனுக்குப் புல்லரித்தது. குழியை அவன் வெட்டியிருந்தான். மனிதர் தாமே படிக்கட்டு போட்டு இறங்கிக்கொண்டிருந்தார். பெயரைச் சொல்ல வாயைத் திறந்தான்.

முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ருக்சார் ஓடிப்போய் மைக் கொடுத்தாள்.

“கேள்வி இல்லை, ஒரு சின்னக் கருத்து,” என்றார் கண்மணி டீச்சர். பிறகு, “பஸ் வரும். ஆனா நான் ஏற மாட்டேன்.”

பேராசிரியர் முகம் மலர்ந்தது.

“அடடே! பாருங்கள், என் மனைவிக்கு இவ்வளவு அழகாக மிமிக்ரி வரும் என்று எனக்கே தெரியாது!”

“மிமிக்ரி இல்லைங்க. அது நான்தான்.”

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“நீங்க எழுதினது ரொம்பச் சரி,” என்று அமைதியாகத் தொடர்ந்தார் டீச்சர். “யாருமே கூர்ந்து கேட்டதில்லை. ஒரே ஒரு சந்தேகம். தினம் காலைல கோப்பி வேணுமான்னு இதே குரல்தான் கேக்குது. ஒரு நாள்கூட அடையாளம் தெரியலையா? இல்ல, கோப்பி வந்தா போதும்னு விட்டுட்டீங்களா?”

இந்த முறை சிரிப்பு நிற்கவில்லை. பேராசிரியர் புத்தகத்தைத் திறந்து அந்த அத்தியாயத்தைத் தேடினார், ஏதோ அதற்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் என்பதுபோல. மிதுனன் நாற்காலியில் சாய்ந்து, மூன்று வருடத்தில் முதல் முறையாக ஆசை தீர மூச்சு விட்டான்.

“நீங்க சிரிக்காதீங்க தம்பி.”

மிதுனன் நிமிர்ந்தான்.

“என் பேரைச் சொல்ல வாயைத் திறந்தீங்களே, பாத்தேன். இவரு கேக்காம விட்டாரு. நீங்க நான் சொன்னதைக் கேட்டுக்கிட்டு, தலையாட்டிட்டு, மறந்துட்டீங்க. அந்தக் குரல்ல உயிர் இல்லாததுக்கு நான் மட்டும் காரணம் இல்லை. அந்த வசனத்தை யாராலயும் உயிரோட பேச முடியாது. பஸ்ஸுல ஏற மாட்டான்னா அவ எதுக்கு இன்டர்சேஞ்சுல நிக்கிறா? அலமாரிக்குள்ள உக்காந்து அப்பவே கேட்டேன். ‘அது ஒரு குறியீடு டீச்சர்’னீங்க.”

கூரை அதிரச் சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில், மகன் பேட்டி எடுப்பதைப் பார்க்க வந்திருந்த மிதுனனின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் பேராசிரியர் புத்தகத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மேசை முன் உட்கார்ந்தார். வரிசை அவரைத் தாண்டி டீச்சரிடம் போய் நின்றது. டீச்சரை அந்த அத்தியாயத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவரும் கணவரிடமிருந்தே பேனாவை வாங்கிப் போட்டார்.

மிதுனன் கடைசியாக அருகில் போனான். “சாரி டீச்சர்.”

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்தார். அவன் கை நீட்டினான். அதைப் பிரித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

“லிஃப்ட் வந்துருச்சு, கண்மணி,” என்று வாசலிலிருந்து கூப்பிட்டார் பேராசிரியர். இரண்டு முறை கூப்பிட்டார். டீச்சர் திரும்பவில்லை, ருக்சாரோடு பேசிக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் ஆய்வாளரும் இயக்குநரும் மட்டும் லிஃப்டில் ஏறினார்கள். இருவரும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். கதவு மூடுகிறது என்று குரல் சொன்னது. உண்மையிலேயே அதில் உணர்ச்சி இருந்தது.