ஆட்டத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரம்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெருமாநல்லூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு ஷட்டில் கோர்ட் உண்டு. அதன் கண்ணாடிக் கதவில், கம்பெனி லெட்டர்பேடில், இப்படி ஒரு நோட்டீஸ் இருக்கிறது:

‘பாண்டியம்மாள் என்பவர் செய்த தவறான மசாஜினால் நமது வீராங்கனை இறுதிப் போட்டியில் தோற்க நேர்ந்தது. இனி அவருக்கு இங்கே அனுமதி இல்லை. மற்ற கம்பெனி அணிகளும் கவனமாக இருக்கவும்.’

எழுதியவன் நான். பெயர் தீனதயாளன், எக்ஸ்போர்ட் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர். தமிழில் எது எழுத வேண்டுமென்றாலும் என் மேசைக்குத்தான் வரும். பாராட்டு மடல், கண்ணீர் அஞ்சலி, ‘கழிவறையைச் சுத்தமாக வைக்கவும்.’ பத்திரிகைகளில் ஏழு கதைகள் வந்திருக்கின்றன. எட்டாவது அந்த நோட்டீஸ். சுத்தமான கற்பனை. என் எழுத்திலேயே அதிகம் பேர் படித்ததும் அதுதான்.

(‘அவர்’ என்று மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன். வயிற்றில் அடிக்கும்போதும் எங்கள் பக்கத்தில் மரியாதை குறையாது.)

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘பாண்டியம்மாளின் விரல்களுக்குத் தசைகளின் மொழி தெரியும். அவை…’ அடித்துவிட்டேன். மொழியாவது மண்ணாவது. கோவையில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் பதினோரு வருடம் உதவியாளராக இருந்து கற்றுக்கொண்ட வேலை அது. அதைப் போய் மந்திரமாக்குவானேன்?

‘உசிலம்பட்டியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த அந்தப் பெண்ணின் கண்களில்…’ இதுவும் வேண்டாம். கண்களில் ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருக்கின்றன.

மூன்றாவது, ‘ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி.’ சரி, இதையே வைத்துக்கொள்வோம்.

3

ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. ஐந்து மணிக்குக் கம்பெனிகளுக்கு இடையிலான போட்டியில் பெண்கள் இறுதி ஆட்டம். எங்கள் பக்கம் சனோபர். செக்கிங் செக்‌ஷனில் வேலை, இருபத்திரண்டு வயது. அவள் ஸ்மாஷ் அடித்தால் எதிரே நிற்பவள் மட்டையைத் தூக்குவதற்குள் பந்து தரையில் கிடக்கும்.

ஆட்டக்காரர்களுக்கு மசாஜ் செய்ய கம்பெனி அணிகள் கூப்பிடுவது பாண்டியம்மாளைத்தான். அவளுக்குக் குழப்பமே இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் பத்தே நிமிடம். தோள், முன்கை, கெண்டைக்கால் மூன்றையும் லேசாக, வேகமாக நீவித் தட்டிவிட வேண்டும். உடம்பு சூடேறினால் போதும். அழுத்திப் பிசைவதெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு, இல்லையென்றால் மறுநாள். முன்னாலேயே ஆழமாகப் பிசைந்தால் தசை தொய்ந்து துள்ளல் போய்விடும். அரையிறுதி வரை அப்படித்தான் செய்தாள், சனோபரும் ஜெயித்தபடியே வந்தாள்.

அன்றைக்குப் பார்த்து முதலாளி திருமூர்த்தி வந்து நின்றார்.

“ஏனுங்க, பத்து நிமிசத்துல என்னங்க ஆகும்? இன்னைக்கு ஃபைனலுங்க. முக்கா மணி நேரம் நல்லா அழுத்திப் பிடிச்சு உடுங்க.”

“வேணாம் சார். ஆடப்போற நேரத்துல அழுத்துனா கை தளந்துரும். ஆட்டம் முடியட்டும், ஒரு மணி நேரம்னாலும் பிடிக்கிறேன்.”

“துணியப் பாருங்க. ரோல் வந்ததும் அப்படியே வெட்டறமா? பிரிச்சுப் போட்டு ஒரு நாள் ரிலாக்ஸ் உடறமுங்க. உடாம வெட்டுனா, தொவைச்சதும் சுருங்கிப் போயி பையர் திருப்பி அனுப்பீருவான். துணிக்கே அப்படின்னா தோளுக்கு வேண்டாமுங்களா?”

சுற்றி நின்ற ஐந்தாறு பேரும் தலையாட்டினோம். இந்த ஊரில் இதற்கு மேல் ஓர் அத்தாட்சி கிடையாது. பின்னல் துணி மெஷினில் இழுபட்டு வரும், பிரித்துப் போட்டால் தன் அளவுக்குத் திரும்பும். முப்பது வருடமாக அவருக்குச் சோறு போடும் உண்மை அது. துணிக்கு உண்மை.

“துணி மேசையில படுத்துக் கெடக்குது சார். இந்தப் புள்ள ஓடணும்ல?” என்றாள் பாண்டியம்மாள்.

திருமூர்த்தி சிரித்தார். “நீங்க செய்யுங்க. நான் வெளியவே உக்காந்துக்கறேன்.”

உட்கார்ந்தார். அறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. உள்ளே பாண்டியம்மாள் லேசாகத்தான் தொடங்கினாள். குப்புறப் படுத்திருந்த சனோபர் கிசுகிசுத்தாள்: “அழுத்தீருங்கக்கா. வெளிய போனதும் என்னையக் கேப்பாரு. டீமுல இருந்து எடுத்துட்டா மறுபடி ஓவர்டைமுல போட்ருவாங்க. அப்பறம் பிராக்டீசே இல்லீங்கக்கா.”

பாண்டியம்மாளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. தனக்குத் தெரிந்த வேலையைத் தெரியாதவன் சொன்னபடி செய்வதைவிடக் கேவலம் வேறில்லை என்று தோன்றியது. ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டாள். முழங்கையை ஊன்றி அழுத்தினாள். நாற்பத்தைந்து நிமிடம்.

9-21, 11-21. சனோபரின் ஸ்மாஷ் ஒவ்வொன்றும் சாவகாசமாக வலையைத் தாண்டிப் போய் இறங்கியது. எதிராளி டீ குடித்துவிட்டு வந்துகூட எடுத்திருக்கலாம்.

3 (மறுபடியும்)

இங்கே எனக்கொரு சந்தேகம். திருமூர்த்தியை இப்படிக் காட்டலாமா? கெட்டவனுக்கும் ஒரு நல்ல பக்கம் வேண்டும் என்பார்கள். அவருக்கு நிறையவே உண்டு. தொழிலாளர் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். யாரையும் நீ, வா, போ என்று பேசியதில்லை. அந்தக் கோர்ட்டைக் கட்டியதே அவர்தான். நல்லவர். எனக்குப் பற்றிக்கொண்டு வருவதே அதனால்தான். இவ்வளவு நல்ல மனுஷருக்கு, ‘நான்தாங்க அழுத்தச் சொன்னேன்’ என்ற ஒரு வரி வாயில் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார். “தீனா, ஒரு நோட்டீஸ் எழுதீருங்க. மத்த கம்பெனிக்காரங்களும் ஏமாந்தரக் கூடாது பாருங்க.” அதற்குள் அவர் அதை நம்பவே தொடங்கியிருந்தார். நான் நம்பவில்லை. பாண்டியம்மாள் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவன் நான். பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன், எழுத்துப் பிழை இல்லாமல்.

யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மற்ற மூன்று அணிகளும் ஒரே வாரத்தில் வர வேண்டாம் என்றுவிட்டன. பாண்டியம்மாள் இப்போது வேறொரு கம்பெனியில், நாள் முழுக்க நின்றுகொண்டு பனியன் மடிக்கிறாள்.

4

முடிவுகள்.

அ. அடுத்த வருடம் சனோபர் கோப்பையை வாங்கிக்கொண்டு மைக்கில் உண்மையைச் சொல்கிறாள். (அந்தச் சுமையும் அவள் தலையில்தான் ஏற வேண்டுமா? நாங்கள் ஐந்தாறு ஆம்பிளைகள் எதற்கு இருக்கிறோம்?)

ஆ. திருமூர்த்தி ஒருநாள் தோள் வலியோடு பாண்டியம்மாளைத் தேடி… (சே.)

இ. பாண்டியம்மாள் கண் கலங்க, தலை குனிந்து கோர்ட்டை விட்டு வெளியேறுகிறாள். லேசாக மழை தூறுகிறது.

மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. அந்த முடிவோடு கதை முழுவதையும் பாண்டியம்மாள் வீட்டுக்கே போய் வாசித்தும் காட்டினேன்.

“நான் எங்க சார் அழுதேன்?” என்றாள். “அன்னைக்கு ஆட்டம் தோத்ததும் தொண்ட கிழியக் கத்துனேன். பத்து நிமிசம் போதும்னு சொன்னேனா இல்லையா, இங்க நிக்கிற ஒருத்தனாச்சும் சொல்லுங்கடான்னு கேட்டேன்ல. நீங்களுந்தான நின்னீக? அதக் காணோமே?”

“விட்டுப்போச்சுங்க.”

“விட்டுப்போகல. விட்டுட்டீக.”

என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். பிறகு, “இது எத்தன பக்கம் வரும்?” என்று கேட்டாள்.

“ஆறுங்க.”

“அந்த மூணு வரியக் கதவுல ஒட்டுனீக. இந்த ஆறு பக்கத்த எந்தக் கதவுல சார் ஒட்டப்போறீக?”

5

வண்டியில் திரும்பும்போது எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. நன்றியில்லாதவள் என்றுகூட நினைத்தேன். வீடு வருவதற்குள் அந்தக் கோபம் போக வேண்டிய விலாசம் தெரிந்துவிட்டது.

ஒரு தாள் எழுதினேன். ‘ஆட்டத்துக்கு முன்னால் அழுத்தக் கூடாது என்று பாண்டியம்மாள் சொன்னார். அழுத்தச் சொன்னவர் முதலாளி. பக்கத்தில் நின்று கேட்டேன். பாண்டியம்மாள்மேல் பழிபோட்டு நோட்டீஸ் எழுதியவன் நான். தீனதயாளன், மெர்ச்சண்டைசிங்.’

அது என் பையில் இருக்கிறது. இன்றோடு ஒன்பது நாள். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், இந்த நேரத்தில் வேலை போனால்… (மேலே எழுதவில்லை. திருமூர்த்திக்குக் கொடுக்காத சலுகை எனக்கு எதற்கு?)

முடிவை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், ஒட்டிவிட்டேன் என்றுதான் எழுதுவேன். என் கை அப்படிப்பட்டது. நீங்கள் அந்தக் கோர்ட்டுக்கு ஆடப் போகிறவராக இருந்தால், உள்ளே நுழைவதற்கு முன்னால் கதவில் எந்தத் தாள் இருக்கிறது என்று பாருங்கள். லெட்டர்பேடுதான் இன்னும் இருக்கிறது என்றால் யாரையும் கேட்க வேண்டாம், கிழித்துவிடுங்கள். எழுதியவனே சொல்கிறேன், அது பொய்.