வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்

ரெண்டுவாட்டி என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட இசைக்கலைஞனின் நெஞ்சுக்குள்ளிருந்து, அவன் வாய் மூடியிருக்கும்போதும், "வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்" என்ற வாக்கியம் பல வருடங்கள் ஓயாமல் கேட்டது. குரல் அவனுடையதுதான். ஒரு பெருமூச்சு விடும் இடைவெளியில் ஒருமுறை வரும், போகும், மறுபடி வரும்.

அவன் பாடுகிறவன் அல்ல, பேசுகிறவன். பேச்சை மின்கருவிகளில் அடுக்கி இசையாக்குவது அவன் தொழில். மேடையில் எதையும் இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பான், பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அவன் காலடியில் ஒரு தகரப்பெட்டி இருக்கும். அது வேலை செய்யும் விதம் எளிது. காலால் ஒருமுறை மிதித்தால் கேட்கத் தொடங்கும். அடுத்த மிதிக்கு, கேட்டதைத் திரும்பத் திரும்பச் சொல்லும். இன்னொரு மிதிக்கு, சொல்லிக்கொண்டே புதிதாகக் கேட்பதையும், சுவரில் வெள்ளைக்கு மேல் வெள்ளை அடிப்பதுபோல, பழையதன்மேல் பூசிக்கொள்ளும். நிறுத்த வேண்டுமென்றால் காலை எடுக்காமல் சற்றுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு விழா மேடையில், பாதி நிகழ்ச்சியில் மனைவியின் அழைப்பு வந்தது. அவள் நகரப் பேருந்து ஓட்டுபவள். "விடியக்கால ஷிஃப்ட் போடுறாங்க, ஒத்துக்கவா வேண்டாமா, இப்பவே சொல்லணுமாம்" என்றாள். தொழில்புத்தி யாரை விட்டது? இந்த இடத்தில் கணவன்மார் சொல்லும் வாக்கியம் நல்ல தாளத்தில் விழும் என்று அவனுக்குத் தோன்றியது. பெட்டியை மிதித்து, ஒலிவாங்கியில் சொல்லி, மறுபடி மிதித்தான். கூட்டம் ஆர்ப்பரித்தது. அடுத்த குழு ஓரத்தில் நின்று அவசரப்படுத்தவே, அழுத்திப் பிடிக்கப் பொறுமையில்லாமல் ஒயரைப் பிடுங்கிவிட்டான். பெட்டி அணைந்தது. வாக்கியம் அணையவில்லை. ஒலியமைப்பாளர் பெட்டியிடம் காதை வைத்தார், பிறகு இவன் சட்டையிடம் வைத்தார். "அண்ணே, மிஷின்ல இல்ல. உங்ககிட்ட இருக்கு" என்றார். மருத்துவரும் குழாயை வைத்துக் கேட்டு, உச்சரிப்பு தெளிவாக இருப்பதாகச் சொல்லி, இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார்.

அதனால்தான் அவனுக்குப் பேர் வந்தது. கருவியே இல்லாமல் நெஞ்சைத் திறந்து நிற்பவனைப் பார்க்க ஊர் ஊராகக் கூட்டம் சேர்ந்தது. இசைத்தட்டுகள் வந்தன, விமானங்கள் வந்தன, இடுப்புவலி வந்தது. ஆனால் நெஞ்சுக்குள் ஒரு தாளம் ஓடிக்கொண்டிருப்பவனால் வேறொரு தாளத்தில் எதையும் கட்ட முடியாது. மழையைப் பற்றிச் செய்தாலும் போரைப் பற்றிச் செய்தாலும் அதே நடைதான். முதலில் அதைத் தனித்துவம் என்றார்கள், பிறகு பிடிவாதம் என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. விடுதி அறைகளில் தலையணையை மார்பில் அழுத்திப் படுத்திருப்பான். தலையணைக்குள்ளிருந்தும் கேட்கும்.

வீட்டில் அதைவிட மோசம். அவன் வந்து பேசுவான் என்று காத்திருந்து, பேசாததால் மனைவி அந்த ஷிஃப்டுக்கே கையெழுத்துப் போட்டிருந்தாள். கோழி கூவுமுன் எழ வேண்டியவளின் காதருகே, ஊருக்கு வந்தவன் தூங்கும்போதெல்லாம் அந்த வாக்கியம். "வாய் பொய் சொல்லும், சரி. நெஞ்சுமாய்யா சொல்லும்?" என்பாள். பஞ்சு வைத்தாள், கூடத்தில் படுத்தாள். ஒருநாள் காலை வண்டியோட்டும்போது கண் அசந்து, பேருந்து நடைமேடையில் ஏறி நின்றது. யாருக்கும் அடியில்லை. பணிமனையிலிருந்து நேராக வந்து துணிப்பெட்டியைத் திறந்தாள். "தங்கச்சி வீட்டுக்குப் போறேன். என் தூக்கத்தை நம்பி அறுபது பேர் ஏறுறாங்க. உன் பாட்டுக்கு அவங்களைப் பலி குடுக்க முடியாது."

அவன் ஒலியமைப்பாளரிடம் ஓடினான். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "மன்னிச்சுக்கங்கண்ணே" என்று கும்பிட்டுவிட்டு, தரையில் படுத்திருந்தவன் மார்பில் காலை வைத்து அழுத்தினார். ஆனால் பெரிய மனிதர் மார்பாயிற்றே என்ற கூச்சத்தில் சட்டென்று காலை எடுத்துவிட்டார். நீண்ட மிதிக்கு நிற்கும், குறுகிய மிதிக்குக் கேட்கத் தொடங்கும். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது, வாக்கியத்தின் வாலில் அதுவும் ஒட்டிக்கொண்டது. "ஐயோ, பூசிக்குது! யார்கிட்டயும் வாயத் தொறக்காம வீடு போய்ச் சேருங்க" என்றார் அவர்.

வீட்டில் மனைவி புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஹாரன் புதிதாக இருக்கவே நிமிர்ந்தாள். "இப்ப லாரி வேறயா? யோவ், வீட்டுக்குத்தான் வந்துட்டியே. பேசேன்."

பேசினால் அதுவும் நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும். அது தெரிந்தும் அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டான்: "அன்னிக்கு நான் என்ன சொல்லணும்னு நெனச்ச?"

"வேண்டாம்னு. வேற என்ன? காலைல உன்கூட உக்காந்து ஒரு காபி குடிக்கணும்னுதான் நெனச்சேன், பெரிய ராஜ்யமா கேட்டேன்?" என்று தொடங்கியவள் நிறுத்தவில்லை. பாதியில் அவனும் பேசினான். விடுதி அறைகளை, தலையணையை, அலுப்பை. சண்டை போட்டார்கள், இரண்டு தடவை சிரித்தார்கள். எல்லாம் பூசிக்கொண்டது. ஒன்றின்மேல் ஒன்றாகப் பேச்சு ஏறினால் சொற்கள் ஒன்றையொன்று மறைக்கும், சந்தை இரைச்சலைத் தூரத்தில் நின்று கேட்டால் ஒரே சத்தமாவது அப்படித்தான். மாலைக்குள் அவன் நெஞ்சில் வாக்கியம் இல்லை, ஹாரன் இல்லை, மின்விசிறி ஓடுவதுபோல ஓர் இரைச்சல் மட்டும் இருந்தது. பாதி மடித்த புடவைமேலேயே மனைவி தூங்கிப்போனாள்.

அதன்பின் அவன் மேடையேறவில்லை, யாரும் அழைக்கவுமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் மேற்பூச்சு கொஞ்சம் தேயும், அது பெட்டியின் இயல்பு. முதலில் மிதித்துப் பதிந்த அடிப்பூச்சுக்கு மட்டும் தேய்மானம் இல்லை. ஆகவே இருவரும் சில நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால் பழைய வாக்கியம் அடியிலிருந்து மெல்லத் தலைகாட்டும். அப்போது அவள் சமையலறையிலிருந்து, பால் பொங்குவதைச் சொல்லும் குரலில், "கேக்குதுய்யா, வா" என்பாள். அவன் போய் உட்காருவான்.