கேட்டுக்குக் குறுக்கே ஒரு கார்

"அக்கா, கேட்டுக்குக் குறுக்க ஒரு வெள்ள கார் நிக்குது. ட்ராலி நொழையாது. நீங்க கீழ வந்தாத்தான் ஆகும்."

ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டுவந்த ஹேமந்த் போனில் இப்படிச் சொன்னபோது, அம்பிகா அப்பாவின் உதட்டை ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தாள். யாருடைய கார் என்று கேட்கவே வேண்டியதில்லை. எதிர்வீட்டுக்கு வருகிறவர்களைத் தவிர வேறு யாருக்கு அந்தத் துணிச்சல் வரும்? பழைய சிலிண்டர் மத்தியானம்வரை தாங்கும் என்றாலும், மாற்று கைவசம் இல்லாமல் எப்படி இருப்பது? கணவன் இளம்பரிதி வேறு, கலவை ஊரிலிருந்து வரும் அவளுடைய அத்தையை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தான்.

"அப்பா, தோ வந்துர்றேன்" என்றாள். துரைசாமி கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது.

அவருக்கு நுரையீரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அம்மா ஐ.சி.யு.வில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தனியாகப் போனபோது, அவர் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "எனக்கு அந்த மாதிரி வாணாம்மா. நீ பக்கத்துல இரு. கடைசித் தண்ணி உன் கையால ஊத்து. அது போதும்" என்று சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அம்பிகா பேங்க்குக்கு லீவு போட்டாள், ஹாலிலேயே கட்டிலைப் போட்டாள், டம்ளரில் தண்ணீரும் ஸ்பூனும் தலைமாட்டில் வைத்துவிட்டு ராத்திரியெல்லாம் தரையில் சுருண்டு கிடந்தாள்.

சிலிண்டர் வருமே என்று கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

எதிர்வீட்டு ரஃபி அகமது நல்ல மனுஷர். அதுதான் பிரச்சினையே. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு நாள் நன்றாகச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். ஆம்பூரில் தோல் வியாபாரம். பிள்ளைகளின் படிப்புக்காக வேலூரில், பெரிய ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தூரத்தில் இந்த ஃப்ளாட்டை வாங்கினார். அன்றிலிருந்து ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் சொந்தத்தில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் இங்கேதான் வந்து இறங்குவார்கள். நோயாளி ஒருத்தர், பார்க்க வருகிறவர்கள் ஒரு பட்டாளம். பாதிப்பேர் இவள் வீட்டு பெல்லைத்தான் அடிப்பார்கள். "பாய் வீடு எதிர்ல" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு வாய் வலித்தது. மாடிப்படியில் உட்கார்ந்து போன் பேசுவார்கள், டேங்க் தண்ணீர் காலையிலேயே காலியாகும். அசோசியேஷன் குரூப்பில் எழுதினால் செக்ரட்டரி ஜியாவுல்லா ஒரு கைகூப்பும் பொம்மையைப் போடுவார். ரஃபி அகமது நேரிலேயே வந்து, "சாரிம்மா, சொல்லி வெக்கிறேன். வந்தவங்கள போன்னு சொல்ல முடியல பாரு" என்பார். கூடவே அவர் மனைவி ஷஹீன் பானு ஒரு டப்பா பிரியாணியை நீட்டுவாள். அதை வாங்கிக்கொண்டு எப்படித் திட்டுவது? அவரைத் திட்ட வேண்டியதையெல்லாம் அம்பிகா தன் கணவனைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே காரின் மேல் சாய்ந்துகொண்டு சமீருல்லா போன் பேசிக்கொண்டிருந்தான். ரஃபி அகமதுவின் தங்கை மகன், முப்பது வயது இருக்கும்.

"வண்டிய எடுக்கிறியா, இல்ல நான் எதனா பண்ணட்டா?"

"ரெண்டே நிமிசம்க்கா. பெரியம்மாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவணும். கெளம்பினு இருக்காங்க."

"எங்கப்பாவுக்கு ஆக்ஸிஜன் வந்து நிக்குது, கண்ணு தெரியல உனக்கு?"

அவன் ட்ராலியைப் பார்த்தான், முகம் வெளுத்துப்போனது. "ஐயோ, தெரியாதுக்கா" என்று ஓடிப்போய்க் காரைப் பின்னால் எடுத்தான். வழி கிடைத்துவிட்டது. ஹேமந்த் ட்ராலியைத் தள்ளத் தயாரானான்.

அத்தோடு மேலே போயிருக்கலாம். ஆனால் இத்தனை மாசமாகத் தொண்டையில் நின்றதெல்லாம் அப்போதுதான் அவளுக்கு வெளியே வந்தது. "நீங்கள்லாம் இன்னா நெனச்சினு இருக்கீங்க? இது வீடா, சத்திரமா? வயசான மனுசன் சாகக் கெடக்கிறாரு, நிம்மதியா மூச்சு விடக்கூட உடமாட்டீங்களா?" என்று ஆரம்பித்தவள், பெல்லைச் சொன்னாள், தண்ணீரைச் சொன்னாள், யாரோ படியில் வேர்க்கடலைத் தோலைப் போட்டதைச் சொன்னாள். சமீருல்லா தலையைக் குனிந்து நின்றான். பால்கனிகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். திட்டத் திட்ட அவளுக்கு ஒரு மாதிரி சுகமாகக்கூட இருந்தது.

"அக்கா, சிலிண்டர்..." என்றான் ஹேமந்த்.

"இரு."

அந்த நேரம் பார்த்து புர்க்கா போட்ட ஓர் அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கையில் ஒரு தூக்குவாளி. "பேஷண்ட் இருக்கிற வீடு முதல் மாடியாம்மா?" என்று அம்பிகாவிடமே கேட்டாள்.

"போங்க, போங்க. எல்லாரும் மேலதான் போங்க" என்று கையை வீசிவிட்டு, அம்பிகா மறுபடி சமீருல்லா பக்கம் திரும்பினாள்.

அவள் மேலே வந்தபோது பின்னால் ஹேமந்த் படிக்குப் படி சிலிண்டரை இழுத்துக்கொண்டிருந்தான். ஹாலில் கட்டிலோரம் அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள். முகத்திரையை மேலே ஏற்றிவிட்டிருந்தாள். அப்பாவின் கை அவள் கைக்குள் இருந்தது. ஸ்பூன் டம்ளருக்குள் கிடந்தது. ஆக்ஸிஜன் குழாயில் காற்று வரும் சத்தம் கேட்டது. அப்பாவின் மூச்சு மட்டும் கேட்கவில்லை.

"நீ பொண்ணா?" என்றாள் அந்த அம்மா. "போய்ட்டாரும்மா. இப்பத்தான்."

அம்பிகா அப்பாவின் மார்பில் கை வைத்துப் பார்த்தாள், மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள், கன்னத்தைத் தட்டினாள். "தோ வந்துர்றேன்னு சொன்னேனேப்பா" என்றாள். அப்புறம்தான் திரும்பினாள்.

"யாரு நீங்க? யாரு உங்கள உள்ள வரச் சொன்னது?"

"என் பேரு ஃபிர்தௌஸ். பேரணாம்பட்டு. எந்தங்கச்சிய பாக்க வந்தேன், ரஃபி வூட்ல இருக்கா. கதவு தொறந்திருந்துச்சு, கட்டில் தெரிஞ்சுச்சு, இதான்னு நெனச்சி வந்துட்டேன். வந்து பாத்தா ஆம்பள. திரும்பிப் போவ பாத்தேன், கைய புடிச்சிக்கினாரு." அவள் தயங்கினாள். "பாத்ததுமே தெரிஞ்சிபோச்சும்மா. எங்க வூட்ல நெறைய பாத்திருக்கேன். கூவி ஆள கூப்புடலாம்னா, சத்தம் கேட்டு பயந்துருவாரோன்னு இருந்துச்சு. கீழ வேற ஒரே சத்தம்."

"எதனா சொன்னாரா?"

"அம்பின்னாரு. ரெண்டு வாட்டி. நான்... இங்கதான் இருக்கேன்ப்பான்னேன். தண்ணி கேக்கற மாதிரி வாய அசச்சாரு, ஸ்பூன்ல விட்டேன், முழுங்குனாரு. எங்கள்லயும் தண்ணி விடுவோம். மெதுவா ஓதுனேன். தப்பா நெனச்சிக்காதம்மா."

அம்பிகாவுக்கு அவளைப் பிடித்துத் தள்ள வேண்டும்போல இருந்தது. அவள் காலில் விழவேண்டும்போலவும் இருந்தது. அப்பா கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் எதிர்வீட்டுக்கு வந்த ஒருத்தி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மேலே போங்க என்று கைகாட்டியது யார்? வாசலில் நின்று கத்தியது யார்? யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அவள் கட்டில் சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். ஹேமந்த் சிலிண்டரை வாசலிலேயே நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றான்.

இளம்பரிதியும் அத்தையும் வருவதற்குள் எதிர்வீடு முழுக்க இங்கே இறங்கிவிட்டது. ரஃபி அகமது ஃப்ரீசர் பெட்டிக்குப் போன் செய்தார். சமீருல்லா பந்தல்காரரோடு நாற்காலிகளை இறக்கினான், அம்பிகா இருக்கும் பக்கம் பார்க்காமலே வேலை செய்தான். ஷஹீன் பானு டீ போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தாள். அவள் வீட்டு பெல்லும் ஓயாமல் அடித்தது. "துரைசாமி வீடு?" என்று அம்பிகாவின் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "எதிர்லங்க" என்று ஷஹீன் பானு ஒவ்வொரு தடவையும் கதவுவரை வந்து சொன்னாள். அம்பிகாவுக்கு அதைக் கேட்கக் கேட்க எரிச்சலாக இருந்தது. ஒரு தடவையாவது அவள் முகத்தைச் சுளிக்கக் கூடாதா?

அத்தை, அப்பாவின் அக்கா, மார்பில் அடித்துக்கொண்டு அழுது ஓய்ந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்பிகாவின் தோளைத் தொட்டாள்.

"உசுரு போறப்ப பக்கத்துல யாருடி இருந்தது? தண்ணி ஊத்துனீங்களா?"

ஹாலில் இருந்த பெண்கள் எல்லாரும் அம்பிகாவைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். கீழ சண்ட போட்டுனு இருந்தேன் அத்தை என்று சொல்லவேண்டும். சொல்லத்தான் திறந்தாள், கையால் பொத்திக்கொண்டாள்.

"பொண்ணுதான் இருந்துச்சு" என்றாள் ஃபிர்தௌஸ், சுவரோரத்திலிருந்து. "நான் அப்பத்தான் வந்தேன், வாசல்ல நின்னு பாத்தேன். பேரச் சொல்லிக் கூப்ட்டாரு. இங்கதான் இருக்கேன்ப்பான்னுச்சு. தண்ணியும் இது கையாலதான். நல்லா முழுங்குனாரு."

அத்தை அம்பிகாவை இழுத்து அணைத்துக்கொண்டாள். "போதும்டி. உங்கம்மாவுக்கு கெடைக்காதது எந்தம்பிக்கு கெடச்சிச்சே. அது போதும்."

ஃபிர்தௌஸ் எழுந்தாள். தூக்கை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், தங்கையைப் பார்க்க எதிர்வீட்டுக்குப் போனாள். அம்பிகா அத்தையின் தோள்வழியாக அவள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாள்.

கலவையிலிருந்து வேனில் வந்தவர்கள் படியேறி வந்தார்கள். அத்தை வாசலுக்கே போய் அவர்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பொண்ணு கையால தண்ணி குடிச்சிட்டுத்தான் போனான் எந்தம்பி. கேட்டுப் பாருங்க."

வந்தவர்கள் திரும்பி அம்பிகாவைப் பார்த்தார்கள்.

அம்பிகா தலையாட்டினாள்.